வெள்ளை என்று எடுத்துக்கொண்டேன்

ஒரு போட்டோவைப் பார்த்து, அதில் விழுந்த ஒளியில் எந்தெந்த நிறம் எவ்வளவு இருந்தது என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் தொழில். திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. சென்னையில் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கிய மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், "போட்டோவப் பாத்துக் குறி சொல்றான்" என்பார் அப்பா. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது யோசித்தால், எங்கள் வீட்டில் என் தொழிலைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றே மூன்று எண்களைத்தான் எழுதி வைக்கிறது. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு, அவ்வளவுதான். உண்மையில் ஒளிக்குள் ஊதாவில் தொடங்கிச் சிவப்புவரை நீண்ட வரிசை இருக்கிறது. நாங்கள் அதை முப்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு ஒளி இருந்திருக்கும் என்று அந்த மூன்று எண்களை வைத்தே ஊகிக்கிறோம். குழம்பில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, உப்பு, புளிப்பு, காரம் மூன்றையும் கொண்டு உள்ளே என்னென்ன போட்டிருக்கிறது என்று சொல்வது மாதிரி. தெரிந்த வீட்டுக் குழம்பென்றால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். தெரியாத வீட்டுக் குழம்பென்றால் உளறுவோம். உளறுகிறோம் என்று நமக்கே தெரியாது, ஏனென்றால் கணினி எப்படியும் ஓர் அழகான வளைகோட்டைப் போட்டுக் காட்டிவிடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. படம் எடுத்த இடத்தில் என்ன வெளிச்சம் இருந்தது என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. மாலை வெயிலில் எல்லாமே கொஞ்சம் மஞ்சள்தான். அதனால் படத்துக்குள் சுத்த வெள்ளையான பொருள் ஒன்றை வைக்கச் சொல்வோம். அந்த வெள்ளை எவ்வளவு மஞ்சளாகத் தெரிகிறதோ அவ்வளவும் வெளிச்சத்தின் மஞ்சள் என்று கழித்துவிடுவோம். மிச்சம் இருப்பதுதான் பொருளின் சொந்த நிறம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. கை படாமல் உறைக்குள் வைத்திருப்போம்.

என் தங்கைக்கு வளைகாப்பு நடந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டு அசந்திருந்த மத்தியானத்தில், கேட்க ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், அவளிடம் என் பெருமையை அளந்தேன். பயிரின் இலையைப் படம் எடுத்தால் உரம் போதுமா என்று சொல்லலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட ரத்தம் எடுக்காமல் போட்டோவிலேயே சொல்லிவிடலாம் என்றேன். அப்படிச் செய்யலாம் என்று எங்கள் துறையில் பேச்சு உண்டு, அது பொய்யில்லை. ஆனால் நான் அதுவரை படம் எடுத்துப் பழகியதெல்லாம் கூட வேலை செய்தவர்களின் உள்ளங்கைகளை. ஒரு குழந்தையைக்கூட எடுத்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. பீற்றிக்கொள்ளும்போது யார்தான் அடிக்குறிப்பு போடுகிறார்கள்?

ஐப்பசி அடைமழையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், கொஞ்சம் தையல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கிராமச் செவிலியர் குடையோடு வந்து பார்த்தார். குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிகிறது, இன்றைக்கே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்றார் அம்மா. வெயிலை எங்கே போய்த் தேடுவது? வானம் ஐந்து நாளாக மூடிக்கிடந்தது. குழந்தையைப் பார்க்க வந்து மழையில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த தங்கையின் மாமியார், பிறந்த பிள்ளை எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கும், தன் மகனும் அப்படித்தான் இருந்தான் என்றார். அந்த மகன் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். ஊருக்கு வெளியே தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் சுற்றுப்பாதையில்தான் வர முடியும் என்றாராம். தையல் போட்ட உடம்போடு, குண்டும் குழியுமான ரோட்டில், மழையில், நாலு நாள் குழந்தையோடு போக யாருக்கும் மனம் இல்லை. போக வேண்டாம் என்று சொல்ல ஒரு படித்தவன் தேவைப்பட்டான். தங்கை எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, நீ அன்னைக்குச் சொன்னீல்ல, போட்டோவ வச்சே சொல்லிரலாம்னு. எடுத்து அனுப்பவா?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு நிமிர்வு வந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. என் படிப்பு முதல்முறையாக எங்கள் வீட்டுக்குப் பயன்படப்போகிறது என்று நினைத்தேன். எப்படி எடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். ஜன்னல் பக்கம் வைத்து எடு. டியூப்லைட்டை அணைத்துவிடு. பிளாஷ் போடாதே. சட்டையைக் கழற்றி நெஞ்சு தெரியும்படி எடு. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு. கடைசியாக, பக்கத்தில் வெள்ளையாக ஏதாவது வை என்றேன்.

"வெள்ள வேட்டிலதாண்ணே படுத்திருக்கான்" என்றாள்.

அது போதும் என்றேன். நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. கால் மணி நேரத்தில் படம் வந்தது. அவ்வளவு சுத்தமான படத்தை எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்கள்கூட எடுத்ததில்லை. நெஞ்சில் கொஞ்சம் இடத்தையும், வேட்டியில் கொஞ்சம் இடத்தையும் எடுத்துக்கொண்டேன். வேட்டி லேசாக மஞ்சளடித்தது. மூடிய வானம், ஜன்னலுக்கு வெளியே காவிச் சுவர், அந்த வெளிச்சம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, அந்த மஞ்சளைக் கழித்தேன். வளைகோடு வந்தது. காமாலை இருந்தால் நீலப் பகுதியில் கோடு குழிவிழும். கொஞ்சமாகத்தான் குழிந்திருந்தது. ரத்தத்தில் காமாலையின் அளவு ஒன்பது என்றது கணக்கு. நாலாம் நாள் குழந்தைக்கு ஒன்பது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, இருபதை நெருங்கினால்தான் ஆபத்து. டீ குடிக்கப் போகிற வழியில் அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வடையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் யாரும் எங்கேயும் போகவில்லை. ஏழாம் நாள் விடிந்தபோது குழந்தை பால் குடிக்கவில்லை. அழுகை கீச்சென்று வேறு மாதிரி இருந்தது என்று அம்மா பிறகு சொன்னார். தூக்கினால் முதுகு பின்பக்கமாக வளைந்திருக்கிறது. அப்பா முழங்கால் தண்ணீரில் தரைப்பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் ஆட்டோ பிடித்திருக்கிறார். புதுக்கோட்டையில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது முப்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. தாயின் ரத்த வகையும் பிள்ளையின் ரத்த வகையும் ஒத்துப்போகவில்லையாம்.

நான் கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, குழந்தையின் ரத்தத்தை மாற்றி முடித்து நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்திருந்தார்கள். கண்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. காமாலைக்கு வைத்தியமே அந்த நீல ஒளிதான். ரத்தத்தில் சேர்ந்துவிட்ட மஞ்சள் பொருள் எந்த நிறத்தை விழுங்குமோ அதே நிறத்தைக் கொடுத்து அதை உடைக்கிறார்கள். அலைநீளம் எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். நான் தப்பாகக் கணக்குப் போட்ட அதே துண்டு ஒளியில் குழந்தை கைகால் அசைக்காமல் கிடந்தான்.

மருத்துவர் வெளியே வந்து, நாலாம் நாளே நர்ஸ் சொல்லியும் யார் பேச்சைக் கேட்டு இருந்தீர்கள் என்று கேட்டார். அம்மா, அப்பா, மாமியார், சுவரில் சாய்ந்து நின்ற தங்கை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"போட்டோ சரியா வரல" என்றேன். "போன் கேமரா தானா கலர மாத்திரும். அதான் தப்பாயிருச்சு."

முழுப்பொய்யும் இல்லை. போன் கேமரா நிறத்தை மாற்றும்தான். ஆனால் பக்கத்தில் வைத்த வெள்ளையைக் கொண்டு அந்த மாற்றத்தையும் கழித்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். நல்லவேளையாக மருத்துவருக்கு என்னோடு சண்டை போட நேரமில்லை. ஆனால் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மாற்றுத் துணி எடுக்க என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மழை விட்டிருந்தது. கொடியில் அப்பாவின் வேட்டிகள் இரண்டும், குழந்தைக்குக் கிழித்த துணிகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபடி வாசலில் நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் செம்பாறை பூமி. ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு ஜாஸ்தி. வெள்ளைத் துணி எதுவானாலும் ஆறு மாதத்தில் பழுப்பேறிவிடும். அதனால் அம்மா கடைசி அலசலில் சொட்டு நீலம் விடாமல் அப்பாவின் வேட்டியைக் காயப்போட்டதே இல்லை. பிறந்த குழந்தைக்கு மட்டும் முப்பது நாள்வரை புதுத்துணி கூடாது, பழைய வேட்டியைக் கிழித்துத்தான் போட வேண்டும், பச்சை உடம்புக்கு ஆகாது என்று அதற்கு நீலமும் போடக்கூடாது. இதெல்லாம் எனக்குப் புதிதா? நானும் அந்த மாதிரித் துணியில் கிடந்தவன்தானே. தங்கை பிறந்தபோது அந்தத் துணிகளை அலசிய வாளியில் நீலத்தைக் கொட்டி முதுகில் அடி வாங்கியவன் நான். கொடியில் அப்பாவின் வேட்டி பளிச்சென்று இருந்தது. பக்கத்திலேயே குழந்தைத் துணி நல்ல பால் டீ நிறத்தில் தொங்கியது. வேட்டி என்றதும் வெள்ளை என்று எடுத்துக்கொண்டேன். துணியின் மஞ்சளை வெளிச்சத்தின் மஞ்சள் என்று நினைத்துக் கழித்தபோது, குழந்தையின் மஞ்சளையும் சேர்த்துக் கழித்துவிட்டிருக்கிறேன்.

ஒரு துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனேன். ஆய்வுக்கூடத்துக் கருவியில் அதை அளந்து, அதே படத்தை மறுபடி கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு வந்தது. படம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நாலாம் நாளே சொல்லியிருக்கிறது. கணினியை மூடிவிட்டு, அந்தத் துண்டை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. குழந்தை பிழைத்துவிட்டான் அல்லவா, இனி எதற்கு என்று சமாதானம் செய்துகொண்டேன். ஏழாம் மாதத்தில் ஒருநாள், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுவானே என்று குக்கரைத் தூக்க ஓடிய தங்கை, விசில் அலறியும் அவன் இமைகூட அசையாததைப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு தட்டைத் தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கதவை அறைந்து பார்த்திருக்கிறாள். திருச்சியில் பரிசோதித்து, காமாலை மூளைவரை ஏறி, கேட்கிற நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார்கள். காதுக்கு மெஷின் மாட்டினார்கள். பெரிதாகப் பலன் இல்லை.

அன்றிலிருந்து மாமியாரின் வாயில் ஒரே வாக்கியம்தான். ஒரு போட்டோவை ஒழுங்காக எடுக்கத் தெரியாதவள். விசேஷ வீட்டில், பஸ் ஸ்டாண்டில், கோயிலில், பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம், எங்கும் அதையே சொன்னார். சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளையும் இரண்டு முறை போனில் அப்படிக் கேட்டதாக அம்மா சொன்னார். தங்கை பதில் பேசுவதில்லையாம். நானோ ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனால் பெரிய பெரிய பொம்மைகளாக வாங்கிக்கொண்டு போவேன். எல்லாமே சத்தம் போடாத பொம்மைகள்.

மூன்றாம் வயதில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும் என்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். வேறு யார் வராவிட்டாலும் நான் வந்தாக வேண்டும். குலதெய்வக் கோயில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, சீர்த்தட்டில் பழம், துணி, கம்மல் எல்லாம் வைத்து என்னை உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவன் என் மடியில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண்ணிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஒரு போட்டோவ ஒழுங்கா எடுக்கத் தெரிஞ்சிருந்தா எம் பேரன் இன்னைக்கு இந்தச் சத்தமெல்லாம் கேட்டுருப்பான்."

தங்கை வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது, மறுபடி உரித்தாள். அவள் அப்படி மறுபடி உரித்ததுதான் என்னைப் பேச வைத்தது.

"போட்டோ சரியாத்தான் இருந்துச்சு அத்தை" என்றேன். "நான்தான் தப்பாப் பாத்தேன். அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

மூன்று வருடம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லியாகிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். மாமியார் என்னைப் பார்த்து உருக்கமாகச் சிரித்தார்.

"தங்கச்சிய விட்டுக்குடுக்க மாட்டீங்க தம்பி. கூடப்பொறந்தவருன்னா அப்படித்தான் இருக்கணும். அதுக்காகப் படிச்சவுக நீங்க பழிய ஏத்துக்கிறதா?"

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். வேட்டி, நீலம், வெளிச்சம் என்று எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. என்ன சொல்லியிருந்தாலும் அவர்கள் கண்ணில் இன்னும் நல்லவனாகத்தான் ஆகியிருப்பேன்.

தங்கை பழத்தைத் தட்டில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்து போனை எடுத்தாள். விரல் தேடாமலே போய் நின்றது. அடிக்கடி போன வழி அது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அண்ணன் சொல்றது நெசந்தான்" என்றாள். "அதுவா ஒரு நாளு வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

அழுத்தினாள். டீக்கடைச் சத்தத்துக்கு நடுவில் என் குரல் வந்தது. குரலில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. "போட்டோ சூப்பரா வந்துருக்கு. இவ்வளவு க்ளியரா இதுவரைக்கும் யாரும் எனக்கு எடுத்து அனுப்புனதில்ல. ஒம்பதுதான் இருக்கு. மழைல கொழந்தையத் தூக்கிக்கிட்டு அலையாதீங்க. நான் சொல்றேன்ல, பயப்படாத."

ஆசாரி கம்பியோடு அப்படியே இருந்தார். மாமியார், அம்மா, உறவுக்காரப் பெண், சமையல் பந்தலில் நின்றவர்கள், எல்லோரும் முதலில் போனைப் பார்த்தார்கள், பிறகு என் பக்கம் திரும்பினார்கள். என் மடியில் இருந்தவன் மட்டும் திரும்பவில்லை. என் சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.